திங்கட்கிழமைக்கு முன் மூன்று இரவுகள்

வெள்ளிக்கிழமை செக்கப். வயிற்றைத் தொட்டுப் பார்த்து, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு டாக்டர் நிமிர்கிறார். "சுகர் இருக்கறதால இதுக்கு மேல தள்ளிப்போட வேண்டாம்மா. திங்கட்கிழமை காலையில வந்து அட்மிட் ஆயிடு. வலி வர வெச்சுப் பாத்துடலாம்." அவ்வளவுதான். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாகிவிட்டது. வெளியே கணவர் பைக்கைத் திருப்பி நிறுத்துவதற்குள், தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் அந்தப் பெண்ணுக்கு உள்ளங்கை வியர்த்துவிடுகிறது.

தானாக வரும் வலி முன்கூட்டிச் சொல்லிவிட்டு வருவதில்லை. நடுராத்திரியில் இடுப்பைப் பிடிக்கும், பனிக்குடம் உடையும், ஆட்டோவோ 108-ஓ பிடித்து ஓட வேண்டியிருக்கும். அந்த அவசரத்தில் உட்கார்ந்து பயப்பட நேரம் இருக்காது. நாள் குறித்துப் போகும் பிரசவத்தில் பயத்துக்கு வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று ராத்திரிகள் முழுசாகக் கிடைக்கின்றன. போதாததற்கு, செய்தி தெரிந்த ஒவ்வொருவரும் போன் செய்து தங்கள் பிரசவக் கதையைச் சொல்கிறார்கள். அதில் சுகமாக முடிந்தவை குறைவாகவும் பாடுபட்டவை நிறையவும் இருப்பது வழக்கம்.

"தைரியமா இரு" என்று எல்லோரும் சொல்வார்கள். எதற்கு, எவ்வளவு நேரத்துக்குத் தைரியமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் சொல்வதில்லை. இந்தப் பயத்தில் பெரும்பங்கு வலியைப் பற்றியது அல்ல. என்ன செய்யப்போகிறார்கள், எத்தனை மணி நேரம் ஆகும், அப்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று தெரியாததால் வருவது. அந்த மூன்றுக்கும் திங்கட்கிழமைக்கு முன்பே பதில் தேடிக்கொள்ள முடியும். இந்த அத்தியாயம் அதற்காகத்தான்.

எதற்காக நாள் குறிக்கிறார்கள்

முதல் இரவில் தலைதூக்கும் கேள்வி, "எனக்கு மட்டும் ஏன் தானா வலி வரல?" கேள்விக்கு அடியில் ஒரு குற்ற உணர்வு ஒளிந்திருக்கிறது. சரியாக நடக்கவில்லையோ, குனிந்து நிமிர்ந்து வேலை செய்யவில்லையோ என்று மனம் கணக்குப் பார்க்கிறது. "நாங்கல்லாம் பத்தாம் மாசத்துலயும் மாவாட்டினோம்" என்று வீட்டில் யாராவது சொல்லியிருந்தால் இன்னும் மோசம். 39 வாரத்தில் வலி வராமல் இருப்பது சர்வசாதாரணம். முதல் பிரசவத்தில் 40 வாரத்தைத் தாண்டுகிறவர்களே ஏராளம். வலியை வரவழைக்க நாள் குறிப்பது, உடம்பு தன் கடமையில் தவறிவிட்டது என்பதால் அல்ல. இனியும் காத்திருந்தால் தாய்க்கோ குழந்தைக்கோ வரக்கூடிய ஆபத்து, இப்போதே பெற்றெடுப்பதில் இருப்பதைவிட அதிகம் என்று டாக்டர் கணிப்பதால்.

காரணங்கள் பல. ரத்த அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் போனால் 37 வாரம் முடிந்ததும் காத்திருக்க மாட்டார்கள். பனிக்குடம் உடைந்தும் வலி வரவில்லை என்றால் கிருமித் தொற்று பயம். குழந்தையின் வளர்ச்சி தேங்குவது ஒரு காரணம். உள்ளங்கை, உள்ளங்கால் அரிப்போடு வரும் கல்லீரல் கோளாறு இன்னொன்று. நாள் தாண்டிப் போனவர்களுக்கு, 41 வாரம் நிச்சயமாக முடிந்திருந்தால் வலியை வரவழைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை.

தமிழ்நாட்டில் அதிகம் காதில் விழும் காரணம் சுகர். கர்ப்பிணிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகால நீரிழிவு என்று முடிவு செய்கிறார்கள். காலையில் வெறும் வயிற்றோடு வரவேண்டியதில்லை என்பதால் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட எளிதாகச் செய்ய முடிகிற இந்தப் பரிசோதனை நாடு முழுக்கப் பரவியதில் சென்னை மருத்துவர் வி. சேஷையாவின் உழைப்பு பெரியது. சர்க்கரை கட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு 39 வாரத்துக்கு முன்னால் வழக்கமாகப் பிரசவம் பார்க்க வேண்டாம், அதற்குள் தானாக வலி வராவிட்டால் 39-லோ அதற்குப் பிறகோ வரவழைக்கலாம் என்பது மத்திய அரசின் வழிகாட்டுதல். குழந்தையின் நுரையீரல் முதிர நேரம் கொடுக்க வேண்டும், அதே சமயம் குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடவும் கூடாது. "திங்கட்கிழமை" என்று டாக்டர் சொன்னதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்கு.

எனவே ஓ.பி. அறையை விட்டு எழுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியையாவது கேட்டுவிட வேண்டும்: "என்ன காரணத்துக்காக மேடம், கார்டுல எழுதிக் குடுக்கறீங்களா?" கேட்க மறந்திருந்தால் சனிக்கிழமை போன் செய்யலாம். அரசு மருத்துவமனைக்குப் போகிறவர்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்கலாம். "இன்னும் ரெண்டு நாள் பொறுத்துப் பாக்கலாமா?" என்று கேட்பதும் மரியாதைக் குறைவு அல்ல. ரத்த அழுத்தம் என்றால் "கூடாது" என்று பதில் வரும். வெறுமனே நாள் தாண்டியதற்காக என்றால், குழந்தையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே ஓரிரு நாள் தள்ள இடமிருக்கலாம். எந்தப் பதிலாக இருந்தாலும், காரணம் தெரிந்து தூங்கப்போவதும் தெரியாமல் புரண்டுகொண்டிருப்பதும் ஒன்றல்ல.

நட்சத்திரம் பார்க்கும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ராகு காலம் கழித்து வீட்டை விட்டுக் கிளம்ப விரும்பினால் கிளம்பலாம், ஒரு மணி நேரத்தில் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் பிறக்கும் நேரத்தை இந்த முறையில் குறிக்கவே முடியாது. திங்கட்கிழமை சேர்ந்தவளுக்கு செவ்வாய் பிறக்கலாம், புதனும் பிறக்கலாம். "ரோகிணிக்குள்ள பொறந்துடுமா?" என்ற கேள்வியைக் கட்டிலில் படுத்திருக்கிறவளின் காதில் போடாமல் இருப்பது வீட்டார் அவளுக்குச் செய்யும் பெரிய உதவி.

வார்டில் மணி எப்படிப் போகும்

காலையில் சேர்ந்தால் மத்தியானத்துக்குள் பிள்ளை என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டு போகிறார்கள். சாயங்காலம் ஆனதும் மனம் உடைவதற்கு இந்தத் தவறான கணக்கே காரணம். நடப்பதைப் படிப்படியாகத் தெரிந்துகொண்டால் கடிகாரம் எதிரியாகத் தோன்றாது.

முதலில் வயிற்றில் பெல்ட் கட்டி அரைமணி நேரம் போல குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள். பிறகு உள்ளே பரிசோதனை. டாக்டரின் விரல் தேடுவது கருப்பை வாயை. அது எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு சுருங்கி மெலிந்திருக்கிறது, மெத்தென்று இருக்கிறதா விறைப்பாக இருக்கிறதா, முன்பக்கம் வந்துவிட்டதா, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து மதிப்பெண் போடுகிறார்கள். 1964-ல் எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மருத்துவர் வகுத்த கணக்கு இது, அவர் பெயரால் பிஷப் ஸ்கோர். மொத்தம் 13. எட்டோ அதற்கு மேலோ வந்தால் கருப்பை வாய் பக்குவமாகிவிட்டது, தானாக வலி வந்தவளைப் போலவே பிரசவம் நடக்க நல்ல வாய்ப்பு. ஆறோ அதற்குக் கீழோ என்றால் முதலில் பக்குவப்படுத்தியாக வேண்டும். மருத்துவ மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும் விதம் அழகானது: பக்குவமாகாத கருப்பை வாய் தொட்டால் மூக்கு நுனி மாதிரி இருக்கும், பக்குவமானது உதடு மாதிரி. மூக்கு நுனியை உதடாக்குவதற்குத்தான் இவ்வளவு நேரமும் ஆகிறது.

அதற்கு வழிகள் சில. ஃபிரிட்ஜில் வைத்திருக்கும் சின்ன சிரிஞ்சில் வரும் ஜெல்லை உள்ளே வைப்பது ஒன்று. வைக்கும்போது சில்லென்று இருக்கும், அரைமணி நேரமாவது படுத்திருக்கச் சொல்வார்கள், ஆறு மணி நேரம் கழித்துப் பார்த்து, தேவைப்பட்டால் மறுபடி வைப்பார்கள். இன்னொன்று, சிறுநீர் போகப் பயன்படுத்தும் அதே ஃபோலி குழாய். அதன் நுனியிலிருக்கும் பலூனைக் கருப்பை வாய்க்கு உட்புறம் கொண்டுபோய் தண்ணீரால் ஊதிவிடுகிறார்கள். மருந்தே இல்லாமல், உள்ளிருந்து அழுத்தம் கொடுத்தே கருப்பை வாயைத் திறக்க வைக்கும் உத்தி இது. சில மணி நேரம் கழித்துக் குழாய் தானாக நழுவி வெளியே வந்தால், "ஐயோ கழண்டு விழுந்துடுச்சே" என்று பதற வேண்டாம். வாய் மூன்று சென்டிமீட்டர் போலத் திறந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். மூன்றாவது, மிசோப்ரோஸ்டால் மாத்திரை. இதை 25 மைக்ரோகிராம் என்ற மிகச் சிறிய அளவில், இரண்டு மணிக்கொருமுறை வாய் வழியாகவும் கொடுக்கிறார்கள். முதல் குழந்தை சிசேரியன் என்றால் இந்த மாத்திரையைத் தருவதில்லை, தையல் போட்ட இடம் விடும் அபாயம் உண்டு. ஆகவே பழைய ஆபரேஷன் எதுவானாலும், கேட்காவிட்டாலும் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்.

இதற்கெல்லாம் எவ்வளவு நேரம்? இந்தியாவிலேயே நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. நாக்பூரின் இரண்டு அரசு மருத்துவமனைகளில், உயர் ரத்த அழுத்தம் காரணமாக வலி வரவழைக்கப்பட்ட 602 பெண்களில் பாதிப் பேருக்கு மாத்திரையும் மீதிப் பேருக்கு ஃபோலி குழாயும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-ல் லான்செட் இதழில் வெளியான அதன் முடிவு: 24 மணி நேரத்துக்குள் சுகப்பிரசவம் ஆனவர்கள் மாத்திரைக் குழுவில் நூற்றுக்கு 57 பேர், குழாய்க் குழுவில் 47 பேர். பயத்தோடு படுத்திருக்கிறவள் இந்த எண்களைத் திருப்பிப் போட்டுப் படிக்க வேண்டும். ஒரு முழு நாள் ஆகியும் அப்படிப் பிரசவமாகாமல் இருந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். அதனால் "நேத்து காலையில சேர்ந்தேன், இன்னும் ஒண்ணும் ஆகலை" என்பது தோல்விச் செய்தி அல்ல. தலைப்பிரசவத்தில், பக்குவமாகாத கருப்பை வாயோடு போகிறவர்கள் ஒன்றரை நாளோ இரண்டு நாளோ ஆகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொண்டு போவது நல்லது. முன்னதாக முடிந்தால் லாபம்.

கருப்பை வாய் பக்குவமான பிறகுதான் டிரிப்ஸ். அரை லிட்டர் பாட்டிலில் ஆக்ஸிடோசின் கலந்து, நிமிடத்துக்குச் சில சொட்டுகளில் தொடங்கி, வலி எப்படி வருகிறது என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவார்கள். சில சமயம் பனிக்குடத்தையும் உடைத்துவிடுவார்கள், வெதுவெதுப்பான நீர் தொடையில் வழியும், அதில் தனியாக வலி இல்லை. இந்த ஆக்ஸிடோசின் ஏதோ வெளி விஷம் அல்ல. ஒவ்வொரு தாயின் மூளையிலும் சுரப்பதுதான். 1906-ல் ஹென்றி டேல், பிட்யூட்டரி சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்க வைப்பதைக் கண்டார். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அந்த மருந்தை ஆய்வகத்திலேயே உருவாக்கினார், இரண்டு ஆண்டில் வேதியியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. ஒன்பதே அமினோ அமிலங்கள் கோர்த்த அந்தச் சங்கிலி, உடம்பில் சுரப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒரே அமைப்பு. ரத்தத்தில் சில நிமிடங்களில் அதன் அளவு பாதியாகிவிடும். பயப்படுகிறவர்களுக்கு இதில் நிஜமான ஆறுதல் உண்டு. பத்து நிமிடத்தில் ஐந்துக்கு மேல் வலி வந்து, குழந்தையின் துடிப்பு மாறினால், நர்ஸ் வந்து டிரிப்ஸை நிறுத்துவார், இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார், தேவையானால் சுருக்கத்தைத் தணிக்கும் ஊசி போடுவார்கள். திருகியை மூடினால் மருந்தின் வேகம் சீக்கிரமே இறங்கும்.

உள்ளே விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பல பெண்கள் வலியைவிட இதற்குத்தான் அதிகம் கூசுகிறார்கள், யாரிடமும் சொல்வதில்லை. சிறுநீர் கழித்துவிட்டு வந்து படுப்பது, இடுப்பைத் தூக்காமல் கட்டிலில் அழுந்த வைப்பது, முழங்கால்களை இரண்டு பக்கமும் தளர விடுவது, டாக்டர் விரல் வைக்கும் கணத்தில் வாயைத் திறந்து மூச்சை மெதுவாக வெளியே விடுவது. இந்த நான்கும் உடம்பின் இறுக்கத்தைக் குறைக்கும். "சிஸ்டர், சொல்லிட்டு பாருங்க", "ஒரு நிமிஷம் நிறுத்துங்க", "திரையை இழுத்து விடுங்க" என்று சொல்ல அவளுக்கு முழு உரிமை உண்டு. முன்பு எப்போதாவது உடல்ரீதியான அத்துமீறலுக்கு ஆளானவர்கள் எல்லாவற்றையும் விவரிக்கத் தேவையில்லை. "செக் பண்றது எனக்கு ரொம்ப பயம், பெண் டாக்டரே பாத்தா நல்லது" என்று சேரும்போதே சொன்னால் போதும்.

காதில் விழுந்தவை

"ஊசி வலி தாங்க முடியாதும்மா, தானா வர்ற வலி மாதிரி இருக்காது." இதைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. தானாக வரும் வலி மணிக்கணக்கில் மெல்ல மெல்ல ஏறும், உடம்பு பழகிக்கொள்ளும். டிரிப்ஸில் வரும் வலி சிலருக்குச் சட்டென்று வேகமெடுக்கிறது. அதற்காகத்தான் வலி குறைக்க என்ன வசதி இருக்கிறது என்பதை வெள்ளிக்கிழமையே கேட்கச் சொல்கிறோம். முதுகில் போடும் எபிடியூரல் சில இடங்களில் உண்டு, பல இடங்களில் இல்லை. இருந்தாலும் ராத்திரியில் மயக்க மருத்துவர் இருப்பாரா என்று தெரிந்துகொள்ள வேண்டும். வலி உச்சத்தில் இருக்கும்போது கேட்டு "இங்க கிடையாது" என்று பதில் வாங்குவது மிகக் கொடுமை. எபிடியூரல் போட்டால் ஆயுசுக்கும் முதுகுவலி என்று ஒரு பேச்சு ஊரெங்கும் சுற்றுகிறது. போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நீடித்த முதுகுவலி இரு தரப்பிலும் ஒரே மாதிரிதான் இருந்தது.

"வலி வர வெச்சா கடைசியில ஃபெயிலாகி சிசேரியன்தான்." இதற்கு நல்ல பதில் இருக்கிறது. 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், அமெரிக்காவின் 41 மருத்துவமனைகளில், வேறு சிக்கல் எதுவும் இல்லாத 6,106 தலைப்பிரசவப் பெண்களை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். 39-ஆவது வாரத்தில் வலி வரவழைக்கப்பட்ட குழுவில் சிசேரியன் ஆனது 18.6 சதவீதம். காத்திருந்த குழுவில் 22.2 சதவீதம். அந்த நாட்டு மருத்துவமனைகளின் பொறுமையும் கவனிப்பும் எல்லா ஊரிலும் இருக்கும் என்று சொல்லிவிட முடியாது, சுகரோ பி.பி.யோ உள்ளவர்களின் கணக்கும் வேறு. ஆனாலும் வலி வரவழைப்பதே சிசேரியனுக்கு வழி போடும் என்ற பேச்சை இந்த எண்கள் தாங்கவில்லை. ஒரு சிலருக்கு ஆபரேஷன் தேவைப்படத்தான் செய்யும். அதற்கான கேள்வியையும் முன்பே கேட்டு வைக்கலாம்: "ஜெல்லுக்குக் கேக்கலைன்னா அடுத்து என்ன செய்வீங்க, எவ்வளவு நேரம் பாப்பீங்க?"

இன்னொரு பேச்சு உண்டு. அக்கறையோடுதான் சொல்வார்கள், ஆனால் காயப்படுத்தும்: "நீ பயந்தீன்னா வலி வராது." பயத்தில் சுரக்கும் அட்ரினலின் கருப்பையின் வேலையைக் கொஞ்சம் மந்தமாக்கக்கூடும் என்பது உண்மைதான். அதற்காகப் பயத்தையே அவள் செய்த குற்றமாக்குவது அநியாயம். பயந்துகொண்டே பெற்றவர்கள்தான் உலகில் அதிகம்.

பக்கத்தில் ஒரு ஆள்

திருச்சி மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதிக்கு முன் நிற்கும் பெண்களுக்கு அந்தக் கதை தெரியும். பிள்ளை பெறப்போகும் மகளுக்குத் துணையாக அம்மா கிளம்பி வருகிறாள். காவிரியில் வெள்ளம். அக்கரையிலேயே தங்கிவிடுகிறாள். இங்கே மகளுக்கு வலி எடுத்துவிடுகிறது. சிவனே அம்மா உருவில் வந்து பக்கத்திலிருந்து பேறு பார்த்துவிட்டுப் போகிறார். வெள்ளம் வடிந்து நிஜ அம்மா வந்து நிற்கும்போதுதான் விஷயம் வெளியே தெரிகிறது. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு எது இல்லாமல் முடியாது என்று இந்த ஊர் நினைத்ததோ, அதைத்தான் கடவுளும் தந்திருக்கிறார்: பக்கத்தில் ஒரு ஆள்.

மருத்துவமும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பிரசவம் முடியும்வரை விட்டுப்போகாத துணை இருந்தால் என்ன ஆகிறது என்று 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களை, 2017-ல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், வலி நேரம் குறைவு, பிரசவம் கசப்பான நினைவாக மிஞ்சியதும் குறைவு. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணை 2004-லேயே அறிமுகமானது. மத்திய அரசின் 'லக்‌ஷ்யா' திட்டமும் 2017 முதல் இதை வலியுறுத்துகிறது. பெரும்பாலும் பெண் துணையைத்தான் உள்ளே விடுவார்கள். கணவரை அனுமதிக்கும் தனியார் மருத்துவமனைகளும் உண்டு. எந்த விதி என்று முன்பே கேட்டுவிட வேண்டும்.

யாரைக் கூட்டிப்போவது என்பதை உறவு முறையை வைத்து மட்டும் முடிவு செய்யக்கூடாது. அம்மாவே ரத்தத்தைப் பார்த்தால் மயங்குகிறவர் என்றால், பிள்ளை பெற்ற அக்காவோ அண்ணியோ நல்ல துணை. அவருக்கு வேலை தெளிவாக இருக்க வேண்டும். வலி வரும்போது அடிமுதுகில், புட்டத்துக்குச் சற்று மேலே உள்ளங்கையின் அடிப்பகுதியால் அழுத்திப் பிடிப்பது. விட்டதும் ஒரு வாய் தண்ணீர். இரண்டு மணிக்கொருமுறை பாத்ரூமுக்குக் கூட்டிப்போவது. டாக்டர் சொல்வதை மனதில் வாங்கி, அவர் போன பிறகு நிதானமாகத் திருப்பிச் சொல்வது. "பக்கத்து பெட்டு பொண்ணு பெத்துட்டா, உனக்கு இன்னும் ரெண்டு சென்டிமீட்டர்தானாம்" என்று மட்டும் சொல்லாமல் இருப்பது.

வெள்ளி, சனி, ஞாயிறு

வெள்ளி இரவு ஒரு நோட்டை எடுத்து, மனதில் ஓடும் எல்லாவற்றையும் எழுதிவிடலாம். கோர்வை வேண்டாம். பிறகு ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குறி: இது டாக்டரிடம் கேட்க வேண்டியது, இது துணைக்கு வருகிறவரிடம் சொல்ல வேண்டியது, இதற்கு இப்போது செய்ய ஒன்றுமில்லை. "மருந்து குழந்தைக்கு ஆகுமா?" முதல் வகை. "கத்திட்டா அசிங்கமா இருக்குமோ?" இரண்டாவது. "எத்தனை மணிக்குப் பிறக்கும்?" மூன்றாவது. தலைக்குள் ஒரே உருண்டையாகச் சுழன்றுகொண்டிருந்தது காகிதத்தில் பத்துப் பன்னிரண்டு வரிகளாகக் கிடப்பதைப் பார்க்கும்போதே மூச்சு கொஞ்சம் இறங்கும்.

மூச்சு என்றதும், அதைச் சனிக்கிழமையே பழக வேண்டும். மூக்கால் நான்கு எண்ணும்வரை இழுப்பது, வாயைக் குவித்து ஆறு எண்ணும்வரை விடுவது. வெந்நீரை ஆற்ற ஊதுவோமே, அந்த மெதுவான ஊதல். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், சூட்சுமம் அவ்வளவுதான். விடும்போது தாடையையும் தோளையும் தொங்க விட வேண்டும். பயத்தில் வேகவேகமாக இழுத்தால் விரல் நுனி மரமரத்து, தலை சுற்றும், அது இன்னும் பயத்தைக் கிளப்பும். அப்படி வந்தாலும் நீளமாக ஊதினால் சில நிமிடத்தில் சரியாகும்.

போனில் பதில் சொல்லும் வேலையை வீட்டில் ஒருவரிடம் ஒப்படைத்துவிடலாம், நாத்தனாரோ தம்பியோ. "எல்லா விஷயமும் இவன்கிட்ட கேளுங்க" என்று குடும்பக் குரூப்பில் ஒரு வரி போட்டால் போதும். இல்லையென்றால் திங்கள் மத்தியானத்திலிருந்து "வலி வந்துடுச்சா?" என்று இருபது அழைப்புகள் வரும். வராத வலிக்கு இருபது முறை பதில் சொல்வதே ஒரு வேதனை. பிரசவ வீடியோக்களையும் இந்த மூன்று நாள் ஒதுக்கி வைக்கலாம்.

வலியைச் சீக்கிரம் வரவழைக்கிறேன் என்று யாராவது விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுத்தால் வாங்கக் கூடாது. வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்து, உடம்பில் நீர் வற்றி, ஏற்கெனவே களைத்துப்போய் வார்டுக்குப் போக நேரும். திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயிலில் தரும் விளக்கெண்ணெய்கூட வயிற்றின் மேல் தடவத்தான், குடிக்க அல்ல. சீரகத் தண்ணீர் குடிக்கலாம், சாயங்காலம் காற்றாட நடக்கலாம்.

திங்கட்கிழமை என்று நாள் இருப்பதற்காக அதுவரை காத்திருக்கக் கூடாத சில உண்டு. குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால், ரத்தம் போனால், பனிக்குடம் உடைந்தால், தலைவலியோடு கண் மங்கினால், மேல்வயிறு வலித்தால், அது எந்த ராத்திரியானாலும் உடனே கிளம்ப வேண்டும். 108-ஐ அழைக்கத் தயங்கக் கூடாது.

பயத்திலும் அளவு உண்டு. தொடர்ந்து தூக்கமே இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, திடீர் திடீரென நெஞ்சு படபடத்து மூச்சடைக்கிறது, செத்துவிடுவோம் என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது என்றால், அது "தலைப்பிரசவத்துல அப்படித்தான்" என்று விட்டுவிடக்கூடியது அல்ல. முன்பு குழந்தையை இழந்தவர்களுக்கும், முதல் பிரசவம் கொடுமையாக அமைந்தவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் சொல்ல வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவிலும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம். மனநலத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள், பிரசவம் என்பதற்காகத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

பையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். பிக்மி எண் உள்ள தாய்-சேய் நலக் கையேடு, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், முன்பக்கம் திறக்கும் நைட்டி, படுத்துக்கொண்டே குடிக்க ஸ்ட்ரா வைத்த பாட்டில், நீளமான வயர் உள்ள சார்ஜர். கூடவே, எழுதி வைத்த அந்த நோட்டு.

திங்கட்கிழமை காலையில் டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் தவிர, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. இன்சுலின் போடுகிறவர்கள் அன்றைய டோஸை என்ன செய்வது என்று முதல்நாளே கேட்டிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்ததும், பெட் இல்லை, ராத்திரி வந்த அவசர கேஸ்கள் நிறைய, சாயங்காலம்தான் ஜெல் வைப்போம் என்று சொல்லவும் கூடும். அது அடிக்கடி நடப்பது. அந்த நேரத்தில் வராந்தாவில் மெதுவாக நடக்கலாம்.

ஜெல் வைத்த முதல் இரவு பெரும்பாலும் மாதவிலக்கு வலி போல அடிவயிற்றில் மெல்லிய இழுப்பு இருக்கும், வந்து வந்து போகும். ஒவ்வொன்றையும் போனில் நேரம் குறித்துக்கொண்டு விழித்திருக்கத் தோன்றும். நர்ஸ் வந்து பார்ப்பார், துடிப்பைக் கேட்பார், போவார். அவர் போன பிறகு இடதுபக்கம் திரும்பி, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்து, நடுவில் வலி இல்லாத அந்தச் சில நிமிடங்களிலாவது கண்ணை மூடிக் கிடக்க வேண்டும். மறுநாள் டிரிப்ஸ் ஏறும்போது அந்தத் தூக்கம் தேவைப்படும்.